வால் விழும்வரை

அந்த மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு வயது அதிகம்.

குருவின் பெயர் வடிவம்மை. நாற்பதைத் தொடாதவர். சீடர் குத்தாலிங்கம், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘அம்மை’ என்பார். வெளியூர்க்காரர்கள் வந்தால் இருவரில் யார் குரு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் குத்தாலிங்கம் எழுந்து காபி போடப் போவார். விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டு பெண்களையும் கரையேற்றியாகிவிட்டது, இனி தான்தான் பாக்கி என்று மடத்துக்கு வந்தவர் அவர். வந்த அன்று கேட்டதும் அதைத்தான்.

“என்னைக் கரையேத்தி விடணும், அம்மை.”

“பார்ப்போம். முதல்ல முற்றத்தைப் பெருக்குங்க.”

பெருக்கினார். அன்றிலிருந்து பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் அம்மை உட்காரும் பலாப்பலகையைத் துடைத்துப் போடுவார். துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார். சில நாள் பதில் வரும். சில நாள் ‘தோசை கருகுது’ என்று வரும். இரண்டையும் ஒரே பக்தியோடு வாங்கிக்கொள்வார். இவ்வளவு நிம்மதியாகத் தன் ஆயுளில் இருந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது உண்மைதான்.

அந்த வருஷம் சாரல் முன்னதாகவே இறங்கியது. மடத்தின் பின்னால் செல்லையாவின் தென்னந்தோப்பு. தோப்பு வாய்க்காலில் தேரைகள் சில நாள் ஓயாமல் கத்தின. பிறகு சத்தம் அடங்கியது. ஒருநாள் காலையில் குத்தாலிங்கம் அந்தப் பக்கம் போனபோது, செல்லையா ஒரு வாளியோடு வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன வே, கையில சுண்ணாம்பு?”

“நீங்களே பாருங்க. ஊர்ப்பட்ட தேரையும் என் வாய்க்கால்லதான் வந்து முட்டை போட்டிருக்கு.”

குத்தாலிங்கம் குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் கோரைத் தண்டுகளைச் சுற்றி நீளநீளமாக வழுவழுப்பான கயிறுகள் கிடந்தன. கயிறு தெளிவாக, உள்ளே பார்க்கும்படி இருந்தது. உள்ளே வரிசையாகக் கறுப்பு மணிகள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து கோத்திருந்தார்கள்.

“இதை என்ன செய்யப்போறீரு?”

“சுண்ணாம்பைக் கொட்டப்போறேன். இதெல்லாம் தேரையாகி வந்து காயை மோந்துதுன்னா உள்ள பருப்பே இருக்காது. போன வெட்டுல பாதிக் காய் வெறும் ஓடு.”

தேரை மோந்த தேங்காய் பருப்பில்லாமல் போகும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். காய் மெலிந்தாலும் தேரைமேல் பழி, குழந்தை மெலிந்தாலும் தேரைமேல் பழி. குத்தாலிங்கமே சின்ன வயதில் எலும்பும் தோலுமாக இருந்தவர். ‘தேரை விழுந்த பிள்ளை’ என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். அவருக்குத் தெரிந்து ஒரு தேரையும் அவர்மேல் விழுந்ததில்லை. வாய்க்காலில் கிடந்த கயிறுகளைப் பார்த்தபோது கூடப்பிறந்தவர்களைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

“எங்கிட்ட குடுத்திரும். நான் வளத்துக்கிடுதேன்.”

செல்லையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தேரையையா?”

“ஆமா.”

“சரி. ஆனா கால் முளைச்சு ஒண்ணு என் தோப்புக்குள்ள வந்தாலும், அப்புறம் மடம்னு பாக்கமாட்டேன்.”

மடத்துக் கொல்லையில் ஒரு கல்தொட்டி இருந்தது. மாடுகள் இருந்த காலத்தில் அவற்றுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி. நான்கு பக்கமும் செங்குத்தான சுவர், உள்ளே வழவழவென்று செதுக்கியது. குத்தாலிங்கம் அதைக் கழுவி, பாதிக்கு வாய்க்கால் தண்ணீரை நிரப்பி, பாசியைப் போட்டு, கயிறு கயிறாகக் கொண்டுவந்து விட்டார்.

வடிவம்மை வந்து பார்த்தார். தொட்டிச் சுவரை உள்பக்கமாக விரலால் தடவினார்.

“தொட்டி ஆழமா இருக்கே அண்ணாச்சி.”

“ஆழம் நல்லதுதான அம்மை?”

“இப்ப நல்லதுதான்.”

அதில் ‘இப்ப’ என்று ஒரு சொல் இருந்ததைக் குத்தாலிங்கம் கவனிக்கவில்லை.

முற்றுப்புள்ளிகளாக இருந்தவை நீண்டு காற்புள்ளிகள் ஆயின. கயிற்றை விட்டு வெளியே வந்து, தொண்டைக்குக் கீழே இருந்த பசையால் பாசியில் ஒட்டிக்கொண்டு சும்மா தொங்கின. குத்தாலிங்கம் பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். அதற்கப்புறம் பேப்பரை யாரும் படிக்கவில்லை.

“கழுத்தோரம் மயிர் மாதிரி என்னவோ வெளிய தொங்குது அம்மை.”

“அதுதான் மூச்சு.”

“மூச்சு வெளியவா தொங்கும்?”

“பாத்துக்கிட்டே இருங்க. உள்ள போயிரும்.”

சொன்னபடியே போயிற்று. தோல் ஒரு மடிப்பாக வளர்ந்து அந்த மயிரையெல்லாம் மூடிக்கொண்டது. உள்ளே புதிதாகச் செவுள் வந்தது. தலைப்பிரட்டைகள் பாசியை விட்டுவிட்டு நீந்தத் தொடங்கின. கறுப்பாகக் கூட்டமாக, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின.

“இடப்பக்கம் ஒரே ஒரு ஓட்டை இருக்கு அம்மை. வாயில வாங்குற தண்ணி செவுளைத் தொட்டுட்டு அந்த ஓட்டை வழியா வெளிய வருது.”

“வலப்பக்கம்?”

“இல்ல. எல்லாத்துக்கும் ஒத்தை வாசல்தான்.”

“உங்க பஸ்ஸு மாதிரியா?”

“என் பஸ்ஸுக்கு ரெண்டு வாசல்” என்றார் குத்தாலிங்கம், கொஞ்சம் ரோஷமாக.

கீரையை வேகவைத்துப் போட்டார். கூட்டம் வந்து மொய்த்தது. வாயில் கறுப்பாக ஒரு சின்ன அலகு, அதன் மேலும் கீழும் சீப்புப் பற்கள் மாதிரி பொடிப்பொடியாகப் பல் வரிசைகள். சுவரில் படிந்த பாசியைக்கூட அதை வைத்தே சுரண்டித் தின்றன. ஒன்றை உள்ளங்கைத் தண்ணீரில் மல்லாத்திப் பார்த்தால், வயிற்றுக்குள் குடல் ஜாங்கிரியாகச் சுற்றியிருந்தது.

“இத்தினிக்கூண்டு உடம்புக்கு இம்புட்டு நீளக் குடலா?”

“இலையும் பாசியும் திங்குது. செரிக்க நேரம் வேணும்.”

“எனக்கும் அப்படித்தான் அம்மை. நீங்க சொல்லுறதெல்லாம் செரிக்க எனக்கு இன்னும் நேரம் வேணும்.”

வடிவம்மை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆனைப்பாறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனைப்பாறை மலைமேல் இருக்கும் சிற்றூர். பஸ் அங்கே போய்த் திரும்பும், அதற்குமேல் பாதை இல்லை. அங்கே ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு பழைய சின்ன மடத்தை ஊரார் சேர்ந்து ஓடு மாற்றி வெள்ளையடித்திருந்தார்கள். விளக்கேற்றவும், சாயங்காலம் வந்து உட்காருகிறவர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசவும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். யாரை அனுப்பலாம் என்று வடிவம்மை கேட்டார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தக் கண்டக்டர் சாமியே போதும்மா.”

அவர்கள் போனபின் வடிவம்மை கொல்லைப்பக்கம் வந்தார். குத்தாலிங்கம் பூதக்கண்ணாடியோடு தொட்டிமேல் கவிழ்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, ஆனைப்பாறைக்கு நீங்க போங்க.”

“சரி அம்மை. எத்தனை நாளைக்கு?”

“நாள்கணக்கு இல்லை. அங்கேயே இருக்கிறதுக்கு.”

குத்தாலிங்கம் நிமிர்ந்தார். கையிலிருந்த பூதக்கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. இந்த முற்றம், இந்தப் பலகை, காலைக் கேள்வி, இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மலைமேல் தனியாக. அங்கே கேள்வி கேட்க யாரும் இல்லை. போதாததற்கு இவரிடம் கேட்பார்கள்.

“நான் என்ன தப்புப் பண்ணினேன் அம்மை?”

வடிவம்மை தொட்டியைப் பார்த்தார். கறுப்புக் கூட்டம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இதுகளுக்கு வால் விழட்டும். அப்ப சொல்லுதேன். அதுவரைக்கும் இங்கதான் இருங்க.”

மறுநாளிலிருந்து தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கத் தொடங்கியது. குத்தாலிங்கம் விடிந்ததும் ஓடைக்குப் போய்க் குடம் குடமாக மலைத்தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். தொட்டிக்கு மேலே தென்னோலை போட்டு நிழல் பண்ணினார். குளிர்ச்சியான நாட்களில் மாவு புளிக்க நேரமாகும் என்பது சமையல்கட்டில் அவர் கற்றது. மாவுக்கு உள்ளது தலைப்பிரட்டைக்கும் இருக்கும் என்று நம்பினார்.

வடிவம்மை தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார்.

“என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

“வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு மாத்தினேன் அம்மை.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சூரியனைப் பார்த்தே பல நாளாகிவிட்டது. வடிவம்மை சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனது முதுகிலேயே தெரிந்தது.

மெதுவாகத்தான் வளர்ந்தன. ஆனால் வளர்ந்தன. வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மொட்டு மாதிரி தள்ளி, மொட்டு நீண்டு, முட்டி வந்து, விரல் பிரிந்து, பின்னங்கால்கள் ஆயின. குத்தாலிங்கம் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்.

“பின்னங்கால் மட்டும்தான் வந்திருக்கு அம்மை. முன்னங்காலுக்கு அடையாளமே இல்ல. அது முளைக்கவே இன்னும் காலம் கிடக்கு.”

“ஒண்ணைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க.”

எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். செவுளை மூடியிருந்த தோலுக்கு அடியில் என்னவோ புடைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக அசைந்தது.

“முழங்கை” என்றார் குத்தாலிங்கம், குரல் இறங்கி.

“ம்.”

“உள்ளயே இருந்திருக்கு. கையை மடக்கி வச்சுக்கிட்டு. முளைச்சு ரொம்ப நாளாயிருக்கும் போல.”

“இருக்கும்.”

“வெளிய ஒண்ணுமே தெரியலையே அம்மை.”

“நீங்க வெளியதான பாத்தீய.”

அதை அவர் மெதுவாகத் தண்ணீரில் விட்டார். தன்னிடம் சொல்லாமல் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. யாரிடம் போய் முறையிடுவது என்றும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் கைகள் வெளியே வந்திருந்தன. இடது கை அந்த ஒற்றை வாசல் வழியாகவே முழங்கையை நீட்டி வெளியே வந்தது. வலது கைக்கு அந்தப் பக்கம் வாசல் இல்லை. அது தோலைத் துளைத்துக்கொண்டு வந்தது. குத்தாலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பஸ் கூட்டத்தில் ஜன்னல் வழியாக இறங்கும் ஆட்களை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறார். இதைத் திட்ட மனம் வரவில்லை.

அன்றிலிருந்து கை வந்தவை கீரையைத் தொடவில்லை. அலகு உதிர்ந்துபோயிருந்தது. சீப்புப் பற்களும் இல்லை. சின்னப் பொத்தலாக இருந்த வாய் இரண்டு பக்கமும் கிழிந்த மாதிரி அகன்று கண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜாங்கிரிக் குடல் சுருங்கிச் சின்னதாகிவிட்டது.

“பழைய வாய் போயிட்டுது. புது வாய் இன்னும் பழகலை. இந்த நேரத்துல என்னத்தைத் தின்னு உயிரோட இருக்கும் அம்மை?”

“நீங்களே பாருங்க.”

குத்தாலிங்கத்துக்கு அதைப் பார்க்க நேரம் இல்லை. அவர் வால் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் டீ வடிகட்டியோடு வந்து தொட்டியின் அடியைத் துழாவுவார். வண்டல் வரும், கீரைத் தண்டு வரும். வால் வராது. மேலே பார்த்தால் வால் குட்டையாகிக்கொண்டே வந்தது. அடியில் ஒன்றும் இல்லை. சிலதுக்கு வால் ஒரு கட்டை அளவு ஆனபின்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மையிடம் போனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அம்மை, வால் விழலை.”

“அப்படியா?”

“விழுந்தா அடியில கிடக்கணுமில்லா? தினம் துழாவிப் பாத்துட்டேன். ஒத்த வால் இல்ல.”

“அப்ப வால் எங்க போச்சு?”

“உள்ள போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ளயே இழுத்துக்கிட்டு, அதைத் தின்னுதான் இத்தனை நாளும் உயிர் பிடிச்சிருக்கு. புது வாயா ஆனதும் அதுதான் போல.”

“அப்ப விழவே இல்ல.”

“விழவே விழாது. ஒரு துணுக்குக்கூட வெளிய போகலை.” குத்தாலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். “நீங்க என்ன சொன்னீய? வால் விழட்டும்னு சொன்னீய. விழலைன்னா நான் போகவேண்டாம். அதான நியாயம்?”

வேலையில் இருந்த காலம் முழுக்க டிக்கெட் விதிகளை வைத்துப் பேசி ஜெயித்தவர். வடிவம்மை வாய்விட்டுச் சிரித்தார்.

“அதான் நியாயம். போகவேண்டாம்.”

அன்று மடத்தில் பாயசம். யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ‘சும்மாதான்’ என்று சொல்லி இரண்டாம் தடவையும் ஊற்றினார் குத்தாலிங்கம்.

மறுநாள் காலையில் ஓலையை விலக்கியபோது, தொட்டியில் சில குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன.

வாலே இல்லாத, முழுசான, புளியங்கொட்டை அளவு தேரைகள். வெளுத்த வயிறு மேலே தெரிய, கையும் காலும் விரிந்து கிடந்தன. மற்றவை சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்தின. ஒன்று சுவரில் கை வைக்கும், வழுக்கும், மறுபடி வைக்கும். குத்தாலிங்கம் ஓடிப்போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். புதுக் கீரை போட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கையை விட்டுவிட்டு மல்லாந்தது.

“அம்மை. கொஞ்சம் வாங்க.”

வடிவம்மை வந்தார்.

“தண்ணி கெட்டுப்போச்சா பாருங்க.”

அவர் ஒரு கை அள்ளி முகர்ந்தார். “நல்ல தண்ணி.”

“கீரையில எதுவும்?”

“நல்ல கீரை.”

“பின்ன ஏன் சாவுது? இதே தண்ணியிலதான் பிறந்துச்சு. இதே தண்ணியிலதான் வளந்துச்சு. தண்ணியில பிறந்தது தண்ணியில மூழ்கிச் சாகுமா?”

“உயிரோட இருக்கிறது ஒண்ணைக் கையில எடுங்க.”

எடுத்தார். உள்ளங்கையில் அது அப்படியே உட்கார்ந்தது. வாய்க்குக் கீழே தொண்டை விடாமல் துடித்தது.

“என்ன செய்யுது?”

“காத்தை வாங்குது.”

“இடப்பக்கம் அந்த வாசல்?”

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. “மூடிட்டுது.” துடிக்கும் தொண்டையைப் பார்த்தபடி அவரே சொன்னார். “மூச்சு மாறிப்போச்சு.”

“ஆமா. மாறினது தொட்டிக்குத் தெரியாது.”

குத்தாலிங்கம் மற்ற கையால் தொட்டிச் சுவரை உள்பக்கமாகத் தடவினார். வடிவம்மை அன்றைக்குத் தடவிய அதே இடம். எங்கும் ஒரு சொரசொரப்பு இல்லை, ஒரு சரிவு இல்லை.

“நாலு பக்கமும் சுவர்தான் இருக்கு” என்றார். “கரை இல்ல.”

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவும் கை ஒழியவில்லை. வேளாவேளைக்குக் கீரை, மலைத்தண்ணீர், ஓலை நிழல். இத்தனை அருமையாக வளர்த்து, இதுகளைக் கொன்றது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது. வடிவம்மை ஆறுதல் சொல்லவில்லை. உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய பலாப்பலகை இருந்தது.

ஒரு முனை தண்ணீருக்குள்ளும் ஒரு முனை விளிம்பிலுமாகச் சரித்து வைத்தார். முகம் பார்க்கலாம் போலிருந்த மேல்பக்கம் வழுக்கும். அதனால் அதைக் கவிழ்த்து, துடைக்காத சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்தார். விளிம்பிலிருந்து தரைக்கு இறங்க, மேலே கிடந்த ஓலையை இழுத்துச் சாய்த்தார்.

“அது நீங்க உட்காருற பலகை, அம்மை.”

“எனக்குத் தரை போதும்.”

ஒரு குஞ்சு பலகைமேல் கை வைத்தது. வழுக்கவில்லை. மற்ற கையையும் வைத்தது. பாதி உடம்பைத் தண்ணீரில் விட்டபடி வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஏறியது. அதன்பின் இன்னொன்று. குத்தாலிங்கம் உள்ளங்கையில் இருந்ததையும் பலகையில் விட்டார். வெயில் இல்லாத அந்தக் காலையில் அவை ஒவ்வொன்றாக ஏறி, ஓலை வழியாக இறங்கி, ஈரப் புல்லுக்குள் போயின.

தோப்புப் பக்கமிருந்து செல்லையா வந்தார். சண்டைக்கு வந்தவர்தான். காலடியில் ஒன்று தத்திப் போவதைப் பார்த்து நின்றார். குனிந்து பார்த்தார்.

“இதுவா தேரை?”

“இதுதான் வே.”

“இதுவா என் மரத்துக் காயை மோக்கப்போவுது?”

செல்லையா தென்னை மரத்தின் உச்சியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். புல்லை ஒருதரம் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வந்த வழியே போனார்.

வடிவம்மை தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குத்தாலிங்கமும் உட்கார்ந்தார். பலகை இல்லாததால் இருவரும் ஒரே மட்டத்தில் இருந்தார்கள். அது குத்தாலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தார். அங்கேயும் அதே தரைதான்.

“அன்னைக்கு ஒண்ணு கேட்டேன் அம்மை.”

“கேட்டீய.”

“என்ன தப்புப் பண்ணினேன், என்னை ஏன் அனுப்புதீயன்னு.”

பலகையின் நுனியில் ஒரு தேரைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. கீழே புல்லைப் பார்த்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று தொண்டை துடிக்க யோசித்துக்கொண்டிருந்தது. வடிவம்மை அதைக் காட்டினார்.

“இது என்ன தப்புப் பண்ணிச்சு, அண்ணாச்சி?”

குத்தாலிங்கம் அதைப் பார்த்தார். அது இறங்கிப் போகும்வரை பார்த்தார். பெருக்கவேண்டிய முற்றம் அன்று வெகுநேரம் பெருக்காமலே கிடந்தது.

மறுநாள் அவரே தன் பையைக் கட்டினார். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, பூதக்கண்ணாடி. போவதற்குமுன் தொட்டிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

“பலகையைக் கழுவி உள்ள போட்டுட்டுப் போகட்டுமா அம்மை?”

“இருக்கட்டும். இன்னும் ஒண்ணு ரெண்டு வாலோட சுத்துது.”

பஸ் நிற்கும் இடம்வரை வடிவம்மை கூட வந்தார். சாரல் விட்டிருந்தது. குத்தாலிங்கத்துக்குப் பயம் போகவில்லை, ஆனால் அது கனமாக இல்லை. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி ஓரமாக இருந்தது.

“அங்க யாராவது கேள்வி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“தெரிஞ்சா சொல்லுங்க.”

“தெரியலைன்னா?”

“தோசை கருகுதுன்னு சொல்லுங்க.”

குத்தாலிங்கம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வருஷக்கணக்கில் தான் பயபக்தியோடு வாங்கிக்கொண்ட அத்தனை தோசைகளும் அவருக்கு நினைவு வந்தன. வடிவம்மை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குத்தாலிங்கம் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு கேட்டார். “தேரை மறுபடி தண்ணிக்கு வருமா அம்மை?”

“மழைக்கு வரும்.”

“எதுக்கு வரும்?”

“முட்டையிட.”

பஸ் வந்தது. அவர் வேலை பார்த்த அதே ரூட். ஏறுகிறவர்களைப் பார்த்து, ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். குத்தாலிங்கம் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அம்மை, இங்க உங்ககிட்ட வாங்கினதெல்லாம் அங்க போனதும் எங்கிட்ட இருந்து விழுந்திருமோன்னு இருக்கு.”

வடிவம்மை அவர் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“வால் விழாதுன்னு வடிகட்டியோட வந்து சொன்னது நீங்கதான அண்ணாச்சி?”